கிராஸ் வேலைக்குப் போன காலம்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல்தான். அதையும் எழுதத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். கிராஸ். பருத்திப் பண்ணையில் எங்கள் வேலைக்கு அதுதான் பெயர். வழியில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், கிராஸ் வேலைக்கு என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். கேட்டவர்களுக்குப் புரியாது. எனக்கும் வெகுநாள் புரியவில்லை.

இப்போது அந்தப் பண்ணையில் வேலை பார்க்கிற பெண்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். என்னை எதற்கு என்றேன். "பேச வேண்டாமுங்கம்மா, எழுதுனாப் போதும்" என்றார்கள். போகும்போது அதில் ஒரு பெண், இன்றைக்கும் பொழுது சாயும்போது பூ உரிக்கிறோம், காலையில் தூள் தொடுகிறோம், அதெல்லாம் மாறவே இல்லை என்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதத் தைரியம் வந்தது.

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம். கட்டிக்கொடுத்து வந்தது பண்ணைக்கு அருகில். வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு வேலை. அவர் சம்பளத்தில் அவர் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் போகத்தான் மிச்சம் என்பதால் நானும் கூலிக்குப் போனேன். ஐம்பதுகளின் கடைசி அது. பயிற்சி என்று ஒன்றும் தனியாகக் கிடையாது. கொஞ்ச நாள் களை எடுத்தேன். பிறகு ஒருநாள் எங்கள் மேஸ்திரி காளியம்மாக்கா என் கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிக்கற பழக்கம் இல்லையே கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மறுநாளே என்னைப் பூ உரிக்கச் சேர்த்துவிட்டார்.

பருத்திப் பூவுக்கு வாழ்வு ஒரே ஒரு காலைதான். அது நாளைக்கு விரியப்போகிறது என்பதை முந்தின நாளே சொல்லிவிடும். சுற்றியிருக்கும் பச்சை மடலுக்கு மேலே இதழ் சுருட்டிய துணிபோல வெளுப்பாக எட்டிப் பார்க்கும். அந்த மொட்டைத் தேடிப் பிடித்து, அடியில் நகத்தை வைத்து ஒரு சுற்றுக் கீற வேண்டும். ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் பிஞ்சின் தோல் கிழிந்துவிடும். மேலாகப் போனால் உரியாது. சரியாக விழுந்தால் ஒரு திருகுத் திருகு, அவ்வளவுதான். இதழும், மகரந்தத் தூள் இருக்கும் உறையும் சேர்ந்து குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஒரே உருவலில் கையோடு வந்துவிடும். நடுவில் ஒற்றைத் தண்டு விளக்குத் திரி மாதிரி நிற்கும். அதன்மேல் சிவப்புக் காகித உறை ஒன்றை மாட்டிவிட்டு அடுத்த மொட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் வேறொரு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து, அதன் தூளை அந்தத் திரியின் நுனியில் தொட்டுத் தொட்டு வைத்து, சிவப்பு உறையை எடுத்துவிட்டு வெள்ளை உறை மாட்ட வேண்டும். தூள் வாங்குகிற செடியை அம்மா என்போம், தூள் கொடுக்கிற செடியை அப்பன் என்போம். காம்பில் ஒரு சீட்டு. சீட்டைக் கட்டும் நூல் ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது நீலம்.

இதுதான் கிராஸ். எழுதும்போது சாதாரணமாக இருக்கிறது. நான் முதல் தடவை உரித்தபோது என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு செடியையும் இங்கே இருக்கிற ஒரு செடியையும் சேர்த்து, உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு செடியை நான் வரவழைக்கிறேனா? வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மாமியாரைக் கேட்கிறவள் நான்.

எங்கள் அதிகாரியைப் பெரியய்யா என்போம். ஆர்.எஸ். புரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வயலுக்குள் வரும்போது செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார். அவரைப் போல மெதுவாகப் பேசுகிற ஆம்பளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தப்பாக உரித்த பூவைக் கண்டால் திட்டமாட்டார். அந்தச் செடியின் முன்னால் குனிந்து, அதனிடம் ஏதோ கேட்கிறவர் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அதற்கு அடிப்பதே மேல் என்பார்கள் பெண்கள்.

ஒரு மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காளியம்மாக்காதான் அவரிடம் கேட்டார், கிராஸ் கிராஸ் என்கிறோமே, அப்படியென்றால் என்ன என்று. ஐயா நின்று யோசித்தார். ஆற்றையோ ரோட்டையோ தாண்டிப் போனால் அது கிராஸ். எழுதினதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தால் அதுவும் கிராஸ். பெரியவர்கள் சொல்லை மீறினால் அதற்கும் அந்தச் சொல். மனசில் ஒரு நினைப்பு குறுக்கே ஓடினால், வெள்ளைக்காரன் அதையும் அப்படித்தான் சொல்லுவான். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஏனுங்க ஐயா, ஒரே சொல்லை வெச்சுட்டா இத்தனையும் பேசறாங்க? துணிதான் கொஞ்சமாப் போடறாங்கன்னு பாத்தா, பேச்சுலயும் அத்தனை சிக்கனமுங்களா?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார்.

நான் மட்டும் அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டைச் சேர்ப்பதற்கும், ஒன்றை இல்லை என்று அடிப்பதற்கும் அதே சொல்லா? ஏனென்றால் எங்கள் வயலிலேயே இரண்டும் இருந்தது. தூள் தொட்ட பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தால், ஐயா அந்தச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார். கிராஸ் கிராஸாகிப் போச்சு என்று பெண்கள் சொல்வார்கள்.

அப்படி அதிகமாகக் குறி விழுந்தது வயலின் மூலையில் இருந்த ஒரு வரிசையில்தான். அங்கே பெரிய சிமெண்டுத் தொட்டியில் ஒரு காட்டுப் பருத்தி நின்றது. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்ததாம். பார்க்க முள்ளுச்செடி போலத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் நல்ல பருத்தியெல்லாம் தத்துப்பூச்சி விழுந்து சுருண்டு கருகுகிற வருசத்திலும் மயிர் அடர்ந்த அதன் இலையில் ஒரு பூச்சி உட்காராது. அந்தக் குணத்தை நம் பருத்திக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. காட்டுப் பருத்தி எப்போதாவதுதான் பூக்கும், அதுவும் ஒன்றிரண்டு பூ. பூத்தபோதெல்லாம் அதன் தூளை அந்த வரிசையில் நின்ற நம் பருத்தியில் தொட்டுப் பார்த்தோம். எல்லாம் உதிர்ந்தது. வருகிற ஆடியோடு ஐயாவுக்கு ஓய்வு. அவர் போனால் அந்த மூலையைக் காலி செய்து வேறு பயிர் வைக்கப்போவதாக மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். அதோடு ஐயாவின் கண்ணில் புரை விழுந்திருந்தது. தடித்த கண்ணாடி போட்டும் பூவின் நடுத்தண்டு அவருக்குத் தெரியாது. எங்கள் கையை வைத்துத்தான் அவர் வேலை நடந்தது.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் மீதி புரியாது.

வீட்டுக்குத் தூரமான நாட்களில் நாங்கள் பூவைத் தொடமாட்டோம். தொட்டால் உதிர்ந்துவிடும் என்று எல்லாருக்கும் நிச்சயம். தூரமானவள் தொட்டுக் கறிவேப்பிலை பட்டுப்போன கதை எல்லார் வீட்டிலும் இருந்தது. அதை ஆம்பளை அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். காலையில் வந்ததும் வரிசையில் நிற்காமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அக்கா பார்த்துக்கொள்வார். "இந்தப் புள்ளைக்கு இன்னைக்குக் கொட்டைச் சாலைங்க" என்று ஐயாவிடம் சொல்வார். பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கிற சாலை அது. நிழல், உட்கார்ந்த வேலை. ஐயா சரி என்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஐயாவின் அந்தக் கடைசி வருசம், தை மாதம். காட்டுப் பருத்தியில் இரண்டு மொட்டு வந்திருந்தது. அது விரியப்போகிற காலை பட்டி நோம்பியாக அமைந்துவிட்டது. மாடு கன்றுக்குப் பொங்கல் வைக்கிற நாளில் யார் வேலைக்கு வருவார்கள்? எங்கள் வீட்டில் மாமனார் தவறி வருசம் திரும்பவில்லை, அதனால் எங்களுக்கு நோம்பி இல்லை. நான் வருகிறேன் என்று அக்கா மூலமாகச் சொல்லியனுப்பினேன். பொங்கலன்று பொழுது சாயப் போய் நான் ஒருத்தியே அந்த வரிசை முழுவதும் உரித்துச் சிவப்பு உறை போட்டேன். வெள்ளியங்கிரிக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. வெளிச்சம் உறைகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றும் உள்ளே நெருப்பு வைத்தது மாதிரி நின்றது. ஊரெல்லாம் பொங்கல் வைக்கிற புகை. எனக்கு அந்த வரிசைதான் பொங்கலாக இருந்தது.

மறுநாள் காலையில் பண்ணைக் கேட்டைத் தாண்டும்போது தெரிந்துவிட்டது, தூரமாகிவிட்டேன்.

போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பார்த்துக்கொள்ள அக்கா இல்லை. கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரரும் தன் மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டார். ஐயா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதில் அந்த இரண்டு காட்டுப் பூவும் இருந்தன. நான் வரிசையில் இல்லாததைக் கண்டு மரத்தடிக்கு வந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வீட்டில் ஏதாவது சண்டையா என்றார். அதற்கும் அதேதான். வெயில் ஏறினால் தூள் காய்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

ஐயா கிண்ணத்தை நிழலில் இறக்கி வைத்தார். பிறகு அவர் என்னைப் பார்க்காமல் மருதமலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"காளியம்மா இருந்தா உன்னைக் கொட்டைச் சாலைக்கு அனுப்பியிருப்பா. அதுதானேம்மா?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவருக்கு இத்தனை வருசமும் தெரிந்திருக்கிறது.

"நான் கேட்டதில்லை. இன்னிக்கும் கேக்கலை. தொடுன்னு நான் சொன்னா நீ மாட்டேன்னு சொல்லமாட்டே. அதனாலதான் சொல்லமாட்டேன். நீ வீட்டுக்குப் போறதுன்னாப் போ."

அவ்வளவுதான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வரிசைக்குள் இறங்கினார். நான் எழுந்தேன், வீட்டுக்குப் போகத்தான். போகிற வழி வரப்பின்மேல்தான். அங்கிருந்து பார்த்தேன். அவர் முதல் செடியின் முன்னால் குனிந்து சிவப்பு உறையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முகத்தைப் பூவுக்கு ஒட்டிவைத்துப் பார்த்தார். தூளை எடுத்துத் தொட்டார். அது தண்டில் படவில்லை, பக்கத்து மடலில் பட்டது. திரும்பவும் தொட்டார். தண்டு ஒடிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அது என்ன என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அதைக் கீழே போடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

நான் எப்போது வரப்பிலிருந்து இறங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. மண் குளிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தைக் கொடுத்தார். கக்கத்தில் இருந்த குடையை விரித்து, என்மேல் இல்லை, கிண்ணத்தின்மேல் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொரு பூவிலும் தூளை வைக்கும்போது, மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பூவிடம் சொன்னேனா, சாமியிடம் சொன்னேனா, தெரியாது. பிஞ்சு உதிராமல் நிற்க ஐயா வைத்திருந்த மருந்துத் தண்ணியில் நனைத்த பஞ்சைக் காம்புகளில் சுற்றி, என் நீல நூலால் சீட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நோம்பி முடிந்து வந்த அக்கா வரிசை முழுக்க நீல நூலைப் பார்த்தார். எங்கள் எல்லாருடைய நாளும் அவருக்கு மனப்பாடம். என்னைக் கொட்டைச் சாலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அன்னைக்கு உனக்கு நாளு தானே புள்ளே?"

தலையாட்டினேன்.

"தெரிஞ்சுட்டேவா தொட்டே? இது அந்த மனுசனுக்குக் கடைசிப் பூவுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? உதுந்துச்சுன்னா யாரு கை பட்டுன்னு சொல்லுவே?"

"என்ற கை பட்டுத்தானுங்க்கா."

அக்கா திரும்பி நடந்தார். யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

உதிர ஆரம்பித்தது. காலையில் போனால் செடியடியில் பிஞ்சு கிடக்கும். ஐயா குனிந்து சீட்டைத் தடவி எடுத்துப் பெருக்கல் குறி போடுவார். ஒவ்வொரு குறியும் என் முதுகில் விழுகிற மாதிரி இருக்கும். முன்பெல்லாம் உதிர்ந்தபோதும் இப்படித்தான் உதிர்ந்தது என்று புத்தி சொல்லும். இந்தத் தடவை உன்னால் என்று மனசு சொல்லும். ஐயாவிடம் போய், நான் தொட்டிருக்கக் கூடாதுங்க என்று சொல்லிவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

எல்லாம் உதிர்ந்து, ஒன்று நின்றது.

முதலில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் விழுந்துவிடும் என்பதுபோல. பிஞ்சு சுண்டைக்காய் அளவானது. பிறகு நெல்லிக்காய் அளவானது. ஒருநாள் சீக்கிரமாக வந்தபோது அக்கா எனக்கு முன்னால் அங்கே நிற்பதைப் பார்த்தேன். காய்க்கு ஒரு சல்லாத்துணியைப் பைபோலத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "அணில் வருதுல்ல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவருடைய தூக்குப்போசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

காய் வெடித்தது. உள்ளே இருந்த கொட்டையெல்லாம் பதராகிப்போன சாவி, நசுக்கினால் காற்று. ஒன்று மட்டும் கனமாக இருந்தது. ஐயா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்ற எங்கள் எல்லாரையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னார். சித்திரையில் அதை வேறொரு தொட்டியில் ஊன்றினார். மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு இலை தலை தூக்கிய காலையில் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"செடிக்கு நம்மூட்டுச் சமாச்சாரமெல்லாம் தெரியாதாட்ட இருக்குது" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வேப்பமரத்தடி அங்கயேதான் இருக்கும். முடியாதவ உக்காந்துக்குங்க. முடியறவ வாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நிழல் வேலையை விடமாட்டோம் என்று இரண்டு பேர் பின்னால் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆடியில், ஐயாவின் கடைசி வாரத்தில், அந்தச் செடி பூத்தது.

விசயம் பரவி ஆபீசிலிருந்தெல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மஞ்சளா ஏதோ தெரியுது. அவ்வளவுதான் தெரியுது. தொட்ட பொண்ணு எங்கே? நீ பாத்துச் சொல்லும்மா."

அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை. அக்கா முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பூவைப் பார்த்ததும் பக்கத்தில் ஆள் நிற்பதே எனக்கு மறந்துபோனது.

"இதழு அம்மாவாட்ட அகலமுங்க. நெறம் அம்மா இல்லீங்க, அப்பன்ற மஞ்சளுங்க."

"நடுவுல?"

"அப்பன்ற செவப்புப் பொட்டு இருக்குதுங்க. அத்தனை இதழுலயும் இருக்குதுங்க. அப்பனுக்குக் கறுத்து இருக்கும், இதுக்குக் கொஞ்சம் வெளுப்புங்க."

"இலை?"

இலையைத் திருப்பிக் கட்டைவிரலை ஓட்டினேன். "மசுரு இருக்குதுங்க ஐயா. அப்பனாட்டவே இருக்குது. பூச்சி ஒண்ணுகூட இல்லீங்க."

இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். காம்பின் நிறம், மடலின் பல், தண்டு எவ்வளவு நீளம், தூள் எவ்வளவு குறைவு. இதில் காய் பிடிக்காமல் போகலாம், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், அது அடுத்து வருகிறவர்களின் வேலை என்று அவர் ஆபீஸ்காரர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பூ எங்கேயும் இல்லாமல் இருந்து இப்போது இருந்தது. அதில் எது யாருடையது என்று நான் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஐயா கையை நீட்டித் தொட்டியின் விளிம்பைத் தடவினார். தாய்க்காயின் சீட்டை அதில்தான் கட்டியிருந்தோம். மழையில் எழுத்து அழிந்துபோயிருந்தது. நூல் மட்டும் வெளுத்த நீலமாக இருந்தது. அவர் அதைக் கண்ணால் பார்க்க முயலவில்லை. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி விரலால் தடவினார். பெருக்கல் குறியின் பென்சில் கீறல் எங்கேயும் இல்லை என்று நிச்சயமானதும் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.